கணினியின் துயிலெழுச்சியும் அதன் காவலும்

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் வகுப்புத் தோழர் ஒருவரும் சவ்வாது மலைக்குச் சென்று, ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் முதியோர் பாடும் பாடல்களை ஒலிப்பதிவு செய்து வந்தோம். பதிவுகள் யாவும் தோழரின் மடிக்கணினியிற் சேர்க்கப்பட்டன. கைப்பேசியில் இடமின்மையால் அதிலிருந்தவற்றை அழித்துவிட்டோம். அஃது எம் பேதைமை. ஐப்பசித் திங்களில், மிகுதியாகப் பாடித் தந்த மூதாட்டியார் காலமானார் என்னும் செய்தி வந்தது. அதன்பின் சின்னாட்களில் மடிக்கணினி பழுதுற்றது. கீழ்நாட்டு நகரொன்றில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் தம் பென்டிரைவினின்று அதனை இயக்கிப் பார்த்தற் பொருட்டு, அமைப்புப் பக்கத்தில் 'செக்யூர் பூட்' என்றிருந்ததனை நிறுத்தினார், பழுதை நீக்கினார், கணினியைத் திருப்பித் தந்தார். விடுதிக்கு வந்து திறந்தால், நீலத்திரை தோன்றி 48 இலக்கங்களுள்ள எண்ணொன்றைக் கேட்டது. அத்தகைய எண் ஒன்று உண்டென்பதே தோழர்க்குத் தெரியாது. பாடியவர் மறைந்தார், பாட்டோ பெட்டியினுள் பூட்டுண்டு கிடந்தது. அப்பூட்டு யாது, அதனை இட்டவர் யாவர் என வினவப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

மின்விசையை அழுத்திய கணத்திற் கணினி ஒன்றும் அறியாது. அதன் நினைவகம் வெறுமையாய் இருக்கும். ஆகலின், தாய்ப்பலகையிற் பதிந்துள்ள சிறு சில்லொன்றில் எழுதப்பட்ட கட்டளைகளையே செயலி முதற்கண் படிக்கின்றது. இக்கட்டளைத் தொகுதியை முன்னாளில் பயாஸ் என்றனர்; இந்நாளில் யூ.இ.எஃப்.ஐ. என்பர். அது திரை, விசைப்பலகை, வட்டு முதலிய உறுப்புகளை எழுப்பி, வட்டிலுள்ள துவக்கி நிரலை அழைக்கும். துவக்கி இயங்குதளத்தின் கருவை அழைக்கும். கரு ஏனையவற்றை அழைக்கும். வைரஸ் தடுப்பு நிரல் பெரும்பாலும் இவ்வரிசையின் கடைசியிலேயே வந்து சேரும். முன்னே வந்தது பின்னே வருவதனை ஆளும் என்பதே இவ்வுலகின் முறைமை. காவலன் வருமுன் கள்வன் வந்து அரியணையில் அமர்ந்துவிடின், காவலனும் கள்வனிடத்தே கட்டளை பெற்று நிற்பான்.

இஃது உவமையளவில் நிற்பதன்று. காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வு நிலையத்தை நம் கல்லூரியார் பலர் அறிவர். அங்குள்ள 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறந்து வைக்கப்பட்டது. அதே 1986-இல் இலாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் இயற்றிய 'பிரெயின்' என்னும் வைரஸ் ஃபிளாப்பி வட்டுகளின் வழியே பரவத் தொடங்கிற்று. (சவ்வாது மலையிலுள்ள ஊரின் பெயரிலேயே காவல் என்னுஞ் சொல் ஒலிப்பதைத் தமிழ் மாணாக்கராகிய யாம் கூறாது விடுதல் இயலவில்லை.) வட்டின் முதற்பகுதியில் இருக்கவேண்டிய துவக்க நிரலை வேறோரிடத்திற்கு மாற்றிவிட்டு, பிரெயின் தான் அங்கே குடிபுகும். ஐயுற்ற ஒருவர் அம்முதற்பகுதியைப் படித்துப் பார்க்க முயன்றால், அம்முயற்சியை இடைமறித்து, மறைத்துவைத்த மெய்ந்நிரலையே எடுத்துக் காட்டும்! ஐயப்படுவோன் கண்ணும் ஐயத்திற்குரியவன் கையில் இருந்தது. வியப்பு யாதெனின், அச்சகோதரர் தம் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அந்நிரலுள்ளேயே எழுதிவைத்திருந்தனர்.

பின்வந்தோர் இத்துணை வெள்ளை உள்ளத்தினர் அல்லர். தைவான் நாட்டு மாணவர் ஒருவர் 1998-இல் எழுதிய சி.ஐ.எச். என்னும் வைரஸ், 1999 ஏப்ரல் 26-ஆம் நாளில் எத்துணையோ கணினிகளின் பயாஸ் சில்லையே அழித்தது. அவை துயிலெழவே இல்லை. 2018-இல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ் சில்லினுள்ளேயே தங்கியது. வட்டினைக் கழற்றிப் புதுவட்டு இட்டாலும் அது நீங்கவில்லை.

ஆயின் இதற்குக் காவல் யாங்ஙனம்? ஒவ்வொருவரும் தமக்குப் பின் வருவோரைச் சோதித்த பின்னரே வாயில் திறத்தல் வேண்டும் என்பதே முதல் வழி. அசோகவனத்தில் அநுமன் கணையாழியைக் காட்டிய பின்னரே சீதை அவனை இராமதூதன் எனத் தெளிந்தாள். செக்யூர் பூட் என்பதும் அத்தகையதே. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8-உடன் இது பெருவழக்காயிற்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கணையாழியைக் களவாடிப் பிறனொருவன் காட்டலாம். இங்கோ முத்திரையானது நிரலின் ஒவ்வோர் எழுத்தினின்றும் கணித்தெடுக்கப்படுவது. நிரலில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. முத்திரையிடும் மறைச்சாவி ஆக்கியோனிடத்தும், முத்திரையைச் சரிபார்க்கும் பொதுச்சாவி கணினிச் சில்லிலும் இருக்கும். ஏற்கத்தக்கவற்றின் பட்டியலும் விலக்கத்தக்கவற்றின் பட்டியலும் உடனிருக்கும்.

கேட்பதற்கு இது செவ்விய ஏற்பாடே. நடைமுறையிலோ மாந்தரின் சோம்பல் புகுந்துவிடுகின்றது. 2023-இல் ஆராயப்பெற்ற பிளாக்லோட்டஸ் என்பது, குறையுள்ளதெனத் தெரிந்தும் விலக்கப்படாதிருந்த பழைய துவக்கி நிரலொன்றைக் கொண்டுவந்து, அதன் மெய்ம்முத்திரையைக் காட்டியே உட்புகுந்தது. அதனை விலக்கினால் பழைய கணினிகள் பல எழாமற் போகும் என்னும் அச்சத்தால் விலக்கத் தயங்கியிருந்தனர். 2024-இல் வெளிவந்த செய்தி இன்னும் நகைப்பிற்குரியது. சோதனைக்கென ஆக்கி, 'நம்பற்க' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியே வைத்த சாவியை, நிறுவனங்கள் பல மாற்றாமலே தம் கணினிகளில் விற்றிருந்தன. இவையன்றி மற்றொரு வினாவும் உண்டு. பெரும்பாலான கணினிகளில் உள்ளவை மைக்ரோசாப்டின் சாவிகள். லினக்ஸ் விழைவோரும் அந்நிறுவனத்தின் முத்திரை பெற்ற சிறு நிரலொன்றின் வழியே நுழைதல் வழக்கம். உடையவனே தன் சாவியை இட்டுக்கொள்ள இடமுள்ள கணினிகளும் பல. அவ்வுரிமை நிலைத்திருக்கும் வரையில் இக்காவலை யாம் குறைகூறோம்.

இரண்டாம் வழி டி.பி.எம். என்னும் தனிச்சில்லைப் பற்றியது. அஃது ஒருவரையும் தடுப்பதில்லை. கணக்கெழுதும் நாட்டாண்மைக்காரர் போல நிகழ்வன யாவற்றையும் பதிந்து கொள்ளும். துவக்கத்தில் எழும் ஒவ்வொரு நிரலின் அளவையும் முன்னிருந்த எண்ணோடு சேர்த்துப் புதியதோர் எண்ணாகக் கணிக்கும். எழுதியதை அழித்தெழுத இடமில்லை. மேன்மேலும் சேர்க்கலாம், அவ்வளவே. இறுதியில் வரும் எண் முன்னாளைய எண்ணோடு ஒத்தாலன்றி, வட்டின் மறைகுறியைத் திறக்குஞ் சாவியை அது வெளிவிடாது.

இவ்வளவும் படித்தறிந்தபோதே தோழரின் கணினிக்கு நேர்ந்தது எமக்கு விளங்கிற்று. செக்யூர் பூட் நின்றது என்பதனையும் டி.பி.எம். தன் கணக்கில் எழுதிக்கொண்டது, எண் மாறிற்று, பிட்லாக்கர் பூட்டுத் திறக்கவில்லை. பழுதுபார்த்தவர் கள்வரல்லர் என்பதனை அச்சில்லு எங்ஙனம் அறியும்? நிறுத்தியதை மீண்டும் இயக்கினால் பழைய எண்ணே வருதல் வேண்டுமன்றோ என எண்ணி, அமைப்புப் பக்கத்திற்குட் சென்று செக்யூர் பூட்டை முன்போல் இயக்கினோம். தோழர் கை நடுங்கிற்று. நீலத்திரை தோன்றவில்லை, எவ்வெண்ணையும் கேளாமலே கணினி எழுந்தது.

அன்றிரவே பதிவுகளை மூன்றிடங்களிற் படியெடுத்தோம். 48 இலக்க எண்ணைத் தோழர் தம் இலக்கணக் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிவைத்தார். பின்னர் முதற்பதிவைக் கேட்டோம். மூதாட்டியார் பாடத் தொடங்குமுன் சேவலொன்று கூவுகின்றது; அவர் அதனை வைதுவிட்டுச் சிரிக்கின்றார்.