கோடி போன ஏரியும் நீர் நின்ற தறிக்குழியும்

மழை ஒன்றே. ஆயினும் அஃது உழவருக்கு வரவு, நெசவாளருக்குச் செலவு. இருசாராரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருக்கும் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

குழித்தறியின் இயல்பை அறியாத உழவ அன்பர்களுக்கு ஒரு சொல். மிதிகள் இயங்கவும், நெய்பவர் காலைத் தொங்கவிட்டு அமரவும் தரையில் குழி வெட்டியிருக்கும். கோடையில் அக்குழியின் குளிர்ச்சியே பாவிழை உலர்ந்து அறாமல் காக்கிறது. அடைமழைக் காலத்திலோ அதுவே பகையாகிறது. கூரை ஒழுகாத வீட்டிலும் தரைக்கடியிலிருந்து நீர் ஊறி நிற்கும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடவும் இயலாது. போட்டாலும் காயாது, பூஞ்சை பூக்கும். நெய்த துணிக்கே கூலி உண்டு. நெய்யாத நாளுக்கு இல்லை.

2020-ஆம் ஆண்டில் இத்துன்பம் இரட்டிப்பாயிற்று. மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கினால் கடைகள் மூடப்பட்டன. சங்கங்களில் துணி தேங்கியது. ஐந்தாறு பேர் கூடினாலன்றிப் பாவு ஓட்ட முடியாது, கூடுவதற்கோ தடை. ஒருவாறு தறிகள் மீண்டும் இயங்கத் தொடங்கிய வேளையில் நவம்பர் 26-ஆம் நாள் அதிகாலை நிவர் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தது.

அதன் ஐந்தாம் நாள், செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இருப்புச் சரிபார்க்கச் சென்றேன். அங்கத்தினர் ஒருவர் கொடுத்திருந்த விண்ணப்பமும் என் பையில் இருந்தது. பங்குத்தொகையைத் திருப்பித் தருமாறும், தறியை விற்றுவிடப் போவதாகவும் எழுதியிருந்தார். அவருக்குச் சொல்வதற்கென்று வழியெல்லாம் வாசகங்களைத் தயாரித்துக்கொண்டே போனேன். பட்டம் பெற்றவனின் பலவீனம் அது.

வீட்டினுள் தறிக்குழி நிறையத் தண்ணீர். அவருடைய தாயார் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் தீபத்துக்கு ஏற்றிய அகல்கள் திண்ணையில் அப்படியே இருந்தன. தயாரித்த வாசகங்களுள் ஒன்றும் என் நாவில் எழவில்லை.

"உட்காருங்க தம்பி. இறைச்சா மறுபடியும் ஊறும். அதுக்காகச் சும்மா இருக்க முடியுமா?" என்றார் அம்மூதாட்டி.

நூல் விலையேறித் துணி விலைபோகாமல் நெசவாளர் தவித்த 1952, 1953-ஆம் ஆண்டுகளில் அவர் சிறுமி. அண்ணாதுரை முதலிய தலைவர்கள் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற காலம் அது. அதைப்பற்றி அவருக்கு நினைவில்லை. கஞ்சித் தொட்டிக்குச் சென்றதுதான் நினைவிருக்கிறது. அதிலும் பசியைவிட வேறொன்று. போகும்போது மழை பிடித்துக்கொண்டால் சிறுமிகள் வெறும் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்களாம். "உள்ளே தவில் வாசிக்கிற மாதிரி கேக்கும் தம்பி" என்று சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்; சிரிக்கலாமா என்ற ஐயத்துடன்தான்.

அவ்வேளையில், ஏரி கோடி போகிறது என்று தெருவில் ஒரு கூச்சல். ஊரே கலங்கலை நோக்கி விரைந்தது. உழவர் தெருவினர் கற்பூரம் ஏற்றினர். அவர்களுக்கு நெல்லும் வேர்க்கடலையும் கண்முன் தெரிந்திருக்கும். நெசவுத் தெருவினருக்கு அந்நீரால் ஆவது யாது? எனினும் ஒருவர் பாக்கியின்றி வந்திருந்தனர்.

என் பையிலிருந்த விண்ணப்பத்துக்கு உரியவரை அங்கேதான் கண்டேன். முழங்கால் நீரில் நின்றுகொண்டிருந்தார். தாம் நெய்த துண்டின் ஒரு தலைப்பை அவரும் மறு தலைப்பைப் பேத்தியும் பிடித்து, வழிந்தோடும் நீரில் கெண்டைக் குஞ்சுகளை வாரிக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் சற்றே நாணி, "சங்கத்துல தேங்கிக் கிடக்கிறதுக்கு இது மேல் இல்லையா சார்?" என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர். உழவர் ஒருவர் அத்துண்டை வாங்கிப் பிழிந்து, நெருக்கத்தைப் பார்த்து, இதுபோல் நான்கு வேண்டுமென்றார். குழி காயட்டும் என்று பதில் வந்தது.

நான்கு துண்டுகளால் ஒரு குடும்பத்தின் கடன் தீராது. மீன் பிடித்து மகிழ்ந்தார், ஆகவே கூலி பிந்தினாலும் பொறுப்பார் என்று எந்த நிர்வாகக் குழுவும் கணக்கிடலாகாது. அவ்வூர்ச் சங்கத்தில் இரண்டு மாதக் கூலி நிலுவையில் இருந்தது. அதைப்பற்றிக் கடுமையாகவே குறிப்பெழுதினேன். ஆனால் அன்று மாலை அவர் முகத்தில் கண்டது, விண்ணப்பம் எழுதிய கையின் முகமன்று. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. மீன் குழம்பு மட்டும் உண்டேன்.

மார்கழியில் குழி காய்ந்தது. விடியற்காலையில் கோலங்களை மிதிக்காமல் ஒதுங்கிப் பாவு விரித்தார்கள். அவரும் தறியில் அமர்ந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு இருமுறை சொல்லியனுப்பினேன். அவர் வரவில்லை. அது சங்கக் கோப்பிலேயே இருக்கிறது.