குளிப்பாட்டாமல் எப்படி அனுப்புவது?

உகாண்டாவின் வடக்கே வாழும் அச்சோலி மக்களிடம், இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டும் உரிமை அத்தைக்கு. அதாவது, அப்பாவுடன் கூடப் பிறந்தவளுக்கு. அவள் குளிப்பாட்டி முடித்ததும் உறவுகள் எல்லோரும் ஒரே பாத்திரத்து நீரில் கை கழுவுவார்கள். இறந்தவரின் முகத்தைத் தொட்டு விடைகொடுப்பார்கள். 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்குள்ள குலு மாவட்டத்தில் எபோலா பரவியபோது, இந்தப் பாசமெல்லாம் கிருமிக்கு வழி திறந்துவிட்டது. நோய் கண்டவர்கள் 425 பேர். இறந்தவர்கள் 224 பேர்.

எபோலா காற்றில் மிதந்து வரும் நோய் அல்ல. நோயாளியின் இரத்தம், வாந்தி, மலம் போன்றவை நம் மீது பட்டால்தான் தொற்றும். கிருமி உள்ளே போன 2 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்கு முன் தொற்றியவரால் பிறருக்குப் பரவாது. நோய் முற்ற முற்றக் கிருமி பெருகும், இறந்த உடலில் அது மிக அதிகமாக இருக்கும். ஆகவே ‘பிணத்தைத் தொடாதே’ என்ற மருத்துவ அறிவுரையில் பிழை எதுவும் இல்லை. அதை யார், யாரிடம், எப்படிச் சொன்னார்கள் என்பதில்தான் சிக்கல்.

கெமோ வந்த ஊர்

குலுவுக்கு மருத்துவர்களுடன் பாரி ஹூலெட் என்ற மானுடவியலாளரும் போனார். ‘இவர்கள் ஏன் சொன்னதைக் கேட்பதில்லை’ என்று அவர் ஆராயவில்லை. ‘இப்படி ஒரு கொள்ளைநோய் முன்பு வந்தால் உங்கள் பெரியவர்கள் என்ன செய்வார்கள்’ என்று விசாரித்தார். பதில் தயாராக இருந்தது. வீடு வீடாகப் பலி வாங்கும் தீய ஆவிக்கு அங்கே ‘கெமோ’ என்று பெயர். கெமோ வந்துவிட்டது என்று பெரியவர்கள் முடிவு செய்தால் நடைமுறையே மாறிவிடும். நோயாளியை ஊரிலிருந்து நூறு மீட்டர் தள்ளித் தனி வீட்டில் வைப்பார்கள். வாசலில் நீண்ட புல் தண்டுகள் இரண்டை நட்டால் ‘உள்ளே வராதே’ என்று பொருள். அதே நோயில் பிழைத்தெழுந்தவர்தான் அவருக்குச் சோறு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே போகக் கூடாது. கூத்து, கொண்டாட்டம் கிடையாது. குணமான பிறகும் ஒரு நிலா மாதம் ஒதுங்கியிருக்க வேண்டும். இறந்தால் அத்தை குளிப்பாட்ட மாட்டாள். ஊர் எல்லையில்தான் அடக்கம்.

ஹூலெட் எழுதிய இதைப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. 21 நாள் கணக்கைக் கையேடு போட்டுக் கற்பிக்கப் போனவர்களுக்கு முன்பே, அங்கே ஒரு நிலா மாதக் கணக்கு இருந்திருக்கிறது!

கோபத்துக்குக் காரணம் இருந்தது

இந்தப் பாடம் எழுதப்பட்ட பிறகும், 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அது முதலில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. கினி நாட்டின் காட்டுப் பகுதியில் மெலியாண்டு என்ற சிற்றூரில் தொடங்கிய நோய், லைபீரியாவுக்கும் சியரா லியோனுக்கும் தாவியது. முடிவில் 28,600க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, 11,300க்கும் மேல் சாவு.

முகம் தெரியாத வெள்ளைக் கவச உடைக்காரர்கள் வந்தார்கள், மருந்து தெளித்தார்கள், நோயாளியைக் கொண்டுபோனார்கள். பல வீடுகளுக்கு அதற்குப் பிறகு தகவலே இல்லை. ‘எபோலாவுக்கு மருந்தில்லை’ என்று வானொலி சொன்னது. மருந்தில்லாத இடத்துக்கு எதற்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால், அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். லைபீரியாவும் சியரா லியோனும் உள்நாட்டுப் போரிலிருந்து மீண்டு சுமார் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. துப்பாக்கியோடு வரும் அரசாங்கத்தை நம்பும் பழக்கம் அந்த மக்களுக்கு எங்கிருந்து வரும்?

2014 ஆகஸ்டில் மன்ரோவியா நகரின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியை இராணுவத்தை வைத்து அடைத்தார்கள். கலவரத்தில் குண்டு பாய்ந்து ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் அடைப்பை நீக்க வேண்டியதாயிற்று. செப்டம்பரில் கினியின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வுக் குழுவாகப் போன எட்டுப் பேரை ஊரார் கொன்றுவிட்டார்கள். அதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அடுத்த ஊருக்கு இன்னும் அதிகச் சுவரொட்டிகளோடு போனால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் வீண்.

லைபீரிய அரசு தலைநகர்ப் பகுதியில் உடல்களை எரிக்க உத்தரவிட்டது. அங்கே மார்ச் மாதத்தில் கல்லறைகளைச் சுத்தம் செய்து அலங்கரிப்பதற்கென்றே ஒரு நாள் உண்டு. கல்லறையே இல்லாமல் போனால் அன்று எங்கே போவது? சிலர் நோயாளிகளை ஒளித்தார்கள், இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள். ஆண்டு முடியும் தறுவாயில், தலைநகருக்கு வெளியே டிஸ்கோ ஹில்லில் புதைக்க நிலம் ஒதுக்கிய பிறகே எரிப்பது நின்றது.

கர்ப்பிணியின் உடல்

கினியின் கிஸ்ஸி மக்களிடையே ஒரு கர்ப்பிணி எபோலாவால் இறந்தார். சிசுவை வயிற்றில் வைத்துப் புதைப்பது அவர்கள் வழக்கத்தில் பெருங்குற்றம். ஊருக்கே கேடு வரும். எடுத்துத் தாருங்கள் என்றது குடும்பம். கத்தி வைத்தால் இரத்தம் தெறிக்கும், அது எங்களுக்குச் சாவு என்றார்கள் மருத்துவர்கள். இரண்டு பக்கமும் நியாயம்தான். உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பணியாற்றிய மானுடவியலாளர் ஜூலியன் அனோகோ, இப்படிப்பட்ட குற்றத்துக்குப் பரிகாரம் ஏதும் உண்டா என்று பெரியவர்களிடம் விசாரித்தார். உண்டு என்றார்கள். அந்தச் சடங்கின் செலவை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சிசுவோடு அந்தத் தாய் அடக்கமானார். யாருக்கும் புதிதாக நோய் ஒட்டவில்லை, குடும்பமும் பழி சுமக்கவில்லை.

புதிய விதிமுறை

2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் கண்ணியமும் சேர்ந்த அடக்கத்துக்கான விதிமுறையை வெளியிட்டது. குடும்பத்தாரோடு பேசாமல் எதையும் தொடங்கக் கூடாது என்றது. இஸ்லாமியருக்கு நீரில்லாமல் செய்யும் ‘தயம்மும்’ என்ற தூய்மைச் சடங்கும் உடலைப் போர்த்தும் கஃபன் துணியும். கிறிஸ்தவருக்குச் செபமும் தீர்த்தத் தெளிப்பும். குழி எங்கே என்பதில் உறவினருக்கும் சொல் உண்டு. மூன்று நாடுகளிலும் செஞ்சிலுவைச் சங்கத்தார் இப்படிச் செய்த அடக்கங்களால் 1,411 முதல் 10,452 வரை புதிய தொற்றுகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று பின்னாளில் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இரண்டு எண்களுக்கும் இடையே பெரிய தூரம்தான். குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் அதில் எத்தனை வீடுகள்!

இங்கே ஒரு ஜிப்

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஆப்பிரிக்காவில் தொட வேண்டும் என்று சண்டை, இங்கே பக்கத்தில் கொண்டுவராதே என்று சண்டை. இரண்டிலும் விளக்கம் வருமுன் வதந்தி வந்துவிட்டது. தமிழக அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்து தண்டனையைக் கடுமையாக்கியது.

அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 15 அன்று, மத்திய சுகாதார அமைச்சகம் உடலைக் கையாளும் வழிமுறைகளை வெளியிட்டிருந்தது. குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது கூடாது. உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளுக்குத் தடையில்லை. சாம்பலால் ஆபத்தில்லை. பாதுகாப்புடன் ஊழியர் பிணப்பையின் ஜிப்பை முகம் வரை திறக்க, உறவினர் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம். இந்த நான்கு வரியைத் தமிழில் எழுதி ஒட்டிய மருத்துவமனைச் சுவர் எதையும் கொரோனா பரவிய இரண்டு ஆண்டுகளில் நான் பார்க்கவில்லை.