கடினம் யாருக்கு? கைத்தொலைபேசிப் புதிர்களின் நிலைகளை மதிப்பிடுதல் பற்றிய ஒரு நோக்கு

கொழும்பின் வடபகுதியில், கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில், களனி கங்கையின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. நீர்ப்பாசனத் திணைக்களம் நெடுங்காலமாக அதனைக் கொண்டே கீழ்க்களனியின் வெள்ள நிலையைக் கணித்து அறிவித்து வந்துள்ளது. நீர் 5 அடியைத் தொட்டால் சிறுவெள்ளம். 7 அடியைத் தொட்டால் பெருவெள்ளம். அளப்பவர் யாராயினும் அடி அடியே. ஆயினும், அதே 5 அடி தொடர்மாடியின் மூன்றாந் தளத்தில் வாழ்வோர்க்கு ஒரு செய்தி மட்டுமே. ஆற்றோரப் பலகை வீட்டில் வாழ்வோர்க்கோ பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறவேண்டிய வேளை. நீரின் உயரம் வேறு. அது விளைக்கும் இடர் வேறு. முன்னதை அளக்க ஒரு கோல் போதும். பின்னதை அளப்பதற்கு, நீரோடு அதன் கரையில் வாழ்வோரையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

அதே கிராண்ட்பாஸின் ஒடுங்கிய சந்துகளில், மாலை வேளைகளில் சிறுவர் சிலர் ஒரு கைத்தொலைபேசியைச் சூழ்ந்திருப்பதைக் காணலாம். நிறக்கட்டிகளைப் பொருத்தியும், பெட்டிகளைத் தள்ளியும், வழியடைத்து நிற்கும் வண்டிகளை நகர்த்தியும் விடைகாணும் புதிர்களே அவர்தம் விளையாட்டு. இவ்விளையாட்டுகள் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரக்கணக்கான நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. சில நிலைகளின் மீது ‘கடினம்’, ‘மிகக் கடினம்’ என்னும் முத்திரைகள் பொறிக்கப்பட்டிருக்கும். இம்முத்திரையைப் பொறித்த அளவுகோல் யாது? அதன் சுழியம் எங்கே நாட்டப்பட்டுள்ளது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொழுதுபோக்கு ஒன்றினைப் பற்றி இத்துணை ஆராய்ச்சி எதற்கு என வினவுவார் இருக்கலாம். இங்கு பயன்படும் கணிதமே நம் நாட்டுப் பரீட்சைகளிலும் தொழிற்பட்டுள்ளது என்பது பின்னர்ப் புலனாகும்.

1. புதிரின் உள்ளே தேடுதல்

கடினம் என்பது புதிரினுள்ளேயே உறைந்திருக்கும் ஒரு பண்பு எனக் கருதுவது இயல்பு. அவ்வாறாயின், விடைகாணத் தேவையான நகர்வுகளின் எண்ணிக்கையே அதற்குத் தக்க அளவாகத் தோன்றும். 1883இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார்ட் லூக்கா வெளியிட்ட ‘ஹனோய் கோபுரம்’ என்னும் புதிரை எடுத்துக்கொள்வோம். தட்டுகள் 3 ஆயின் 7 நகர்வுகள். 7 ஆயின் 127. 10 ஆயின் 1,023. ஒரு தட்டுக் கூடும்போது நகர்வுகள் ஏறத்தாழ இருமடங்காகின்றன. ஆனால், மூன்று தட்டுகளை மாற்றும் நெறியை உணர்ந்த சிறுமிக்குப் பத்துத் தட்டுகள் சலிப்பைத் தருமேயன்றிக் கடினத்தைத் தாரா. நீளம் கடினமாகாது என்பதற்கு இஃது எளிய சான்று.

இனி, தேடவேண்டிய வெளியின் பரப்பை அளவாகக் கொள்ளலாமா? எட்டு எண்கட்டைகளும் ஒரு வெற்றிடமுங் கொண்ட நகர்த்தற் புதிரில், ஒன்றிலிருந்தொன்றாக அடையத்தக்க அமைப்புகள் 181,440. எவ்வமைப்பிலிருந்தும் 31 நகர்வுகளுக்குள் விடை காணலாம். கணினி இவையனைத்தையும் கணப்பொழுதில் ஆராய்ந்துவிடும். மனிதரோ அவ்வாறு தேடுவதில்லை. 1982இல் யப்பானில் வெளிவந்த ‘சொக்கோபான்’ எனும் பெட்டி தள்ளும் விளையாட்டை ஆராய்ந்த செக் நாட்டு ஆய்வாளர்கள் யாருசேக், பெலானெக் ஆகியோர், கணினிக்கு ஒத்த அளவினவாகத் தோன்றும் நிலைகளும் மனிதர்க்குப் பெரிதும் வேறுபட்ட கடினம் உடையனவாதலை 2010இல் எடுத்துக்காட்டினர். மனிதரைத் திகைக்கச் செய்வது பாதையின் நீளமன்று. இலக்கை நெருங்குவதற்காக முதலில் இலக்கைவிட்டு விலகவேண்டியிருக்கும் திருப்பமே பெரும்பாலும் அவர்களைத் தடுத்து நிறுத்துகின்றது.

கணினியியலாரின் ‘கடினம்’ என்னும் சொல்லும் இங்கு மயக்கந் தரவல்லது. 2014இல் டோபி வோல்ஷ் என்னும் அறிஞர் ‘கேண்டி கிரஷ்’ விளையாட்டின் பொதுமைப்படுத்தப்பட்ட வடிவம் ‘என்.பி. கடினம்’ என்னும் வகுப்பினது என நிறுவினார். பலகை பெரிதாகப் பெரிதாக, எந்நிலையையும் விரைந்து தீர்க்கும் பொதுநெறி இருத்தல் அரிது என்பதே இதன் பொருள். குறித்த ஒரு பலகையின் 65ஆம் நிலை ஒரு சிறுவனுக்கு எளிதா, அரிதா என்பது பற்றி அத்தேற்றம் யாதுங் கூறுவதில்லை. சுடோக்குப் புதிரில் தரப்பட்ட எண்கள் குறையக் குறையக் கடினம் கூடும் என்பதும் இத்தகைய மயக்கமே. ஒரே விடையுடைய புதிருக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என 2012இல் நிறுவப்பட்டது. எனினும், 17 எண்களுடைய எளிய புதிர்களும் உள்ளன. 25 எண்களுடைய கடிய புதிர்களும் உள்ளன.

2. ஆடுவோரிடத்துத் தேடுதல்

புதிரினுள் அளவுகோல் கிடையாதபோது, ஆடுவோரின் வெற்றி தோல்விகளை எண்ணுதல் அடுத்த வழியாகும். 1,000 முயற்சிகளில் 250 வெற்றி பெற்றால் வெற்றிவீதம் நூற்றுக்கு 25. சராசரியாக வெற்றி ஒன்றுக்கு நான்கு முயற்சிகள். நிறுவனங்கள் பெரிதும் நம்பியிருப்பது இவ்வகைக் கணக்கையே. எளிமை இதன் சிறப்பு. ஆனால், அவ்வெளிமையுள் ஒரு பொறி உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். பத்தாம் நிலையை 1,000 பேர் ஆடுகின்றனர். 500 பேர் முதல் முயற்சியில் வெல்கின்றனர். இருநூறாம் நிலையை எட்டியோர் 50 பேர் மட்டுமே. அவர்களுள் 40 பேர் முதல் முயற்சியில் வெல்கின்றனர். முன்னதன் வெற்றிவீதம் 50. பின்னதன் வெற்றிவீதம் 80. எனவே இருநூறாம் நிலை எளிது என்று கூறலாமா? இடையில் இளைத்தோரும் சலித்தோரும் விலகிவிட்டனர், வல்லவரே எஞ்சினர். வென்றவரை எண்ணிய கணக்கில் விலகியவர் இல்லை. எஞ்சியோரைக் கொண்டு எல்லோரையும் அளக்கும் இப்பிழை, விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. பாடசாலையைவிட்டு இடைவிலகிய பிள்ளைகளை விடுத்துச் சித்தியடைந்தோர் வீதத்தைப் பெருமையுடன் வெளியிடும் அறிக்கைகளிலும் இதனைக் காணலாம்.

3. புதிரை எதிராளியாகக் கொள்ளல்

நம்மவர் திண்ணைகளில் கீறி ஆடிய ஆடுபுலி ஆட்டத்தில் கடினம் எங்கிருந்து வருகின்றது என்று யாரும் கேட்பதில்லை. எதிரே இருப்பவரின் திறமையே கடினம். புதிரிலோ எதிரே எவருமில்லை. புதிரையே எதிராளியாகக் கொண்டால் என்ன என்பதே இத்துறையில் நிகழ்ந்த முக்கியமான சிந்தனைத் திருப்பமாகும்.

இதற்கு இரு ஊற்றுகள் உண்டு. ஒன்று, டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960இல் வெளியிட்ட நூல். வினாவின் கடினத்தையும் விடையளிப்பவரின் ஆற்றலையும் ஒரே கோலில் இரு புள்ளிகளாக அவர் வைத்தார். சரியான விடைக்குரிய நிகழ்தகவு அவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை மட்டும் பொறுத்தது. மற்றையது, சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த அமெரிக்கப் பேராசிரியர் ஆர்பாட் ஏலோ வகுத்ததும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டதுமான முறை. இன்று இணையத்தில் சதுரங்கப் புதிர்களை வழங்குவோர் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு வீரருக்குப் போலவே தரப்புள்ளி அளிக்கின்றனர். 1500 புள்ளியுடைய ஒருவர் 1700 புள்ளியுடைய புதிரை எதிர்கொண்டால், அவர் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 24. வென்றால் அவரது புள்ளி உயரும். புதிரின் புள்ளி தாழும். ஓர் ஆட்டத்தின் உச்ச மாற்றம் 20 எனக் கொண்டால், இங்கு இருவர் கணக்கிலும் ஏறத்தாழ 15 புள்ளிகள் இடம் மாறும். தோற்றால் மாற்றம் ஏறத்தாழ 5 மட்டுமே. எதிர்பார்த்தது நிகழ்ந்தமையே காரணம்.

இம்முறையில் முன்னர்க் கண்ட பொறி பெருமளவு நீங்குகின்றது. வல்லவர் வென்றதனால் புதிர் எளிதாகிவிடுவதில்லை. எனினும், இக்கோலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. தூரத்தை அது காட்டும், சுழியத்தைக் காட்டாது. இரண்டு கூட்டத்தார் இரண்டு புதிர்த் தொகுதிகளைத் தனித்தனியே ஆடினர் எனக் கொள்வோம். இரு தொகுதிகளிலும் பொதுவான புதிர் ஒன்றேனும் இல்லை. இரண்டையும் ஆடியவர் ஒருவரேனும் இல்லை. அந்நிலையில், முதற் கூட்டத்தார் குறைந்த புள்ளி பெற்றமைக்குக் காரணம் அவர்தம் ஆற்றற் குறைவா, புதிர்களின் கடினமா என்பதை எந்தக் கணக்கும் பிரித்தறிய மாட்டாது. பிரித்தறிந்ததாகக் கூறுவோர், தம் முடிவை முன்னரே எடுத்துக்கொண்டவராவர்.

4. பரீட்சை மண்டபத்தில்

இவ்விடத்து நம் வரலாறு நினைவுக்கு வருதல் தவிர்க்கவியலாதது. 1971இல் பேராதனைப் பொறியியற் பீட அனுமதிக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் குறைந்தபட்ச எல்லைகளாக வைக்கப்பட்டன. 1973இல் மொழிமூல அடிப்படையிலான தரப்படுத்தல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தாரின் புள்ளிகளும் தனித்தனியே ஒரு பொது அளவுக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றத்தின் உட்கிடை யாது? இரு கூட்டத்தாரும் சராசரியில் சமமானவர். புள்ளிகளில் தோன்றும் வேறுபாடு வினாத்தாளின் அல்லது மதிப்பீட்டின் வேறுபாடே என்பதுதான். ஒரே பரீட்சையை இரு மொழிகளிலும் எழுதியவர் இல்லாதபோது, இவ்வெடுகோளை மெய்ப்பிக்கவும் இயலாது, பொய்ப்பிக்கவும் இயலாது. அரசியல் தீர்மானமொன்று கணிதத்தின் உடையணிந்து வந்தது.

2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை தொடக்கம் கையாளப்படும் இசட் புள்ளி முறை, மொழியை விடுத்துப் பாடங்களை ஒப்பிடுவது. மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது இசட் புள்ளி. முன்னைய முறையினும் இது நேரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு பாடத்தின் இடை தாழ்ந்திருப்பின் அது பாடத்தின் கடினத்தால் நேர்ந்தது என இம்முறையும் எடுத்துக்கொள்கின்றது. அப்பாடத்தைத் தெரிந்தோர் யாவர், எத்தகைய பாடசாலைகளிலிருந்து வந்தோர் என்பன கணக்கினுள் நுழைவதில்லை. பின்தங்கிய பகுதிகளிலும் மலையகத் தோட்டங்களிலும் விஞ்ஞான ஆசிரியரின்றிப் பயின்ற மாணவனுக்கும், தனியார் வகுப்புகள் பல கண்ட மாணவனுக்கும் ஒரே வினாத்தாள் ஒரே கடினமுடையதன்று. மாவட்ட ஒதுக்கீடு இக்குறையை ஒருவாறு ஈடுசெய்ய முயல்வது. ஆனால், ஒரு மாவட்டத்தினுள்ளேயே இரு உலகங்கள் இருக்கலாம் என்பதற்குக் கிராண்ட்பாஸையும் கறுவாத்தோட்டத்தையும் ஒருங்கே கொண்ட கொழும்பு மாவட்டமே சான்று.

5. கடினத்தின் விலை

மீண்டும் கைத்தொலைபேசிக்கு வருவோம். 2012இல் வெளிவந்த ‘கேண்டி கிரஷ் சாகா’வில் ஆடுவோருக்கு ஐந்து ‘உயிர்கள்’. நிலையொன்றில் தோற்றால் ஓர் உயிர் போகும். அது மீள 30 நிமிடங்கள் செல்லும். ஐந்தும் போயின் அனைத்தும் மீள இரண்டரை மணிநேரம் வேண்டும். காத்திருக்க விரும்பாதோர் பணங் கொடுக்கலாம். இவ்விடத்தில் கடினம் அறிவின் சோதனை என்னும் நிலையினின்று பெயர்ந்து, வணிகப் பண்டமாகின்றது. நிலை மிக எளிதாயின் எவரும் எதுவும் வாங்கார். மிக அரிதாயின் விலகிவிடுவர். இரண்டிற்கும் இடைப்பட்ட புள்ளியைத் துல்லியமாக அறிவதே நிறுவனத்தின் தேவை. 2018இல் கிங் நிறுவன ஆய்வாளர்கள், மனிதர் ஆடிய பதிவுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட ஆழ்கற்றற் செயலியொன்றினால், புதிய நிலையின் வெற்றிவீதத்தை அது வெளிவருமுன்னரே கணிக்கலாம் எனக் காட்டினர். அச்செயலி கற்ற ‘மனிதர்’ யார்? முன்னர் ஆடியோரின் சராசரியே அவர். அச்சராசரியினின்று விலகி நிற்பவர் பொறுத்து முத்திரை பிழைபடுதல் இயல்பே.

கிராண்ட்பாஸ் சிறுவன் அச்சராசரியில் எங்கு நிற்கின்றான்? வீட்டிற்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தை வேலைமுடித்து வந்த பின்னரே கைக்கு வரும். திரையில் வெடிப்பு; தரவுப் பொதி முடியுந் தறுவாயில். விளக்கக் குறிப்புகள் ஆங்கிலத்தில். அவன் கற்பதோ தமிழில். முப்பது நிமிடங் காத்திருத்தல் தனக்கெனத் தொலைபேசி உடையவனுக்குத் தேநீர் வேளை. இவனுக்கோ அன்றைய ஆட்டத்தின் முடிவு. அவன் தோல்வியும் புள்ளிவிவரத்தில் ஒரு தோல்வியாகவே பதிவாகின்றது. தோற்றது புதிரிடமா, மொழியிடமா, வறுமையிடமா என்பதைப் பதிவேடு வினவுவதில்லை. மறுபுறம், இவ்வளவு தடைகளுக்கிடையிலும் அவன் வென்ற நிலை, அதே நிலையை வசதியோடு வென்றவனுக்குரிய அதே புள்ளியையே அவனுக்கும் அளிக்கின்றது.

முடிவாக நோக்குமிடத்து, கடினம் என்பது புதிரின் பண்புமன்று, ஆடுவோரின் பண்புமன்று. இரண்டிற்கும் இடையிலான உறவு. அவ்வுறவோ குறித்த சமூகச் சூழலில் உருவாவது. ஆகையால், எம்மதிப்பீட்டை எதிர்கொள்ளினும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: யாரை அளந்து இவ்வெண் பெறப்பட்டது? இடையில் விலகியோர் எங்கே? இவ்வெண்ணினால் பயன்பெறுவோர் யாவர்? இவற்றிற்கு விடையில்லாத எண், சுழியம் குறிக்கப்படாத அளவுகோலை ஒக்கும்.

நாகலகம் வீதியின் அளவுகோல் தன் சுழியத்தை மறைப்பதில்லை. தான் அளப்பது நீரையே என்பதில் அதற்கு மயக்கமுமில்லை. யாருடைய வாசலுக்கு நீர் முதலில் வருகின்றது என்பதைக் கேட்டறியும் பொறுப்பை அது நம்மிடமே விட்டுள்ளது.