சுழல் கலப்பையின் ஜாயிண்ட் தண்டு: பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை

நாற்று பறிப்புக்குத் தயாராகிவிட்டது. வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. வாடகைக்குப் பேசிய டிராக்டர் சுழல் கலப்பையுடன் இறங்கி இரண்டு சுற்று ஓட்டியதும் 'டொக்' என்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, கலப்பையின் கத்திகள் சுழலவில்லை. இறங்கிப் பார்த்தால் டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவே சுழலும் தண்டில் கிராஸ் முறிந்து தொங்குகிறது. டிரைவர் டவுனுக்குப் போய்ப் புதிய கிராஸ் வாங்கி வந்து மாட்டுவதற்குள் அன்றைய பொழுது போய்விடும். நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் அடுத்தவர் வயலுக்குப் போய்விடுவார்கள்.

இந்த முறிவு ஒரே நாளில் வருவதில்லை. பல நாட்கள் கிரீஸ் காணாமலும், கோணம் தப்பியும், நீளம் பொருந்தாமலும் ஓடிய தண்டுதான் இப்படிக் கைவிடுகிறது. சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயிக்கும் இந்தத் தண்டைப் பற்றிய விவரம் தேவை. வண்டி வேறொருவருடையது என்றாலும் வயலும் பருவமும் அவருடையவை அல்லவா?

தண்டு வேலை செய்யும் விதம்

டிராக்டரின் பின்புறம் பல் வெட்டிய ஒரு சிறு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே பி.டி.ஓ. எனப்படும் விசை எடுக்கும் தண்டு. பெரும்பாலான டிராக்டர்களில் இது 35 மில்லிமீட்டர் விட்டமும் ஆறு பற்களும் கொண்டது. நிமிடத்துக்கு 540 சுற்று என்பது இதற்கு விதிக்கப்பட்ட வேகம். இங்கிருந்து கலப்பையின் கியர் பெட்டிக்கு விசையைக் கொண்டு செல்வது ஜாயிண்ட் தண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள் அல்லது ஒரு குழாயும் ஒரு கம்பியும் நடுவில் இருக்கும். இரு முனைகளிலும் இரட்டைக் கவைகளும், அவற்றைப் பிணைக்கும் கூட்டல் குறி போன்ற கிராஸும் இருக்கும். கிராஸின் நான்கு கால்களிலும் தொப்பி போன்ற கிண்ணங்கள். கிண்ணத்துக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். தண்டு வளைந்த நிலையிலும் சுழல முடிவது இந்த அமைப்பால்தான்.

16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் இதைக் கார்டன் ஜாயிண்ட் என்றும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் ஜாயிண்ட் என்றும் அழைப்பதுண்டு. ஜீப், லாரி ஆகியவற்றின் அடியில் சுழலும் தண்டிலும், நான்கு சக்கர விசை கொண்ட பல டிராக்டர்களில் முன் அச்சுக்குப் போகும் தண்டிலும் இதே ஜாயிண்ட்தான் உள்ளது.

இந்த ஜாயிண்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக இருக்கும்போது ஒரே சீராகச் சுழலும். வளைத்துவிட்டால், ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் 540 சுற்று என்பது 532க்கும் 548க்கும் இடையே ஊசலாடும். இதனால் பெரிய பாதகம் இல்லை. 30 டிகிரியிலோ 468 முதல் 624 வரை ஊசலாடும். வினாடிக்கு 9 சுற்று என்றால் இந்த இழுப்பும் தளர்வும் வினாடிக்கு 18 முறை நிகழ்கிறது. மேடான இடத்தில் கலப்பையைத் தூக்கும்போது 'கடகட' என்று கேட்கும் சத்தம் இதுதான்.

தண்டில் இரண்டு ஜாயிண்ட்கள் வைத்திருப்பதற்கும் இதுவே காரணம். முதல் ஜாயிண்ட் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஜாயிண்ட் சரிக்கட்டிவிடும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு முனைகளிலும் கோணம் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுத்தண்டின் இரு நுனிகளிலும் உள்ள கவைகள் ஒரே மட்டத்தில் அமைய வேண்டும். ஒன்று படுத்தபடி இருந்தால் மற்றதும் படுத்தபடி இருக்க வேண்டும். சதுரக் கம்பியும் சதுரக் குழாயும் கொண்ட தண்டுகளில், கழுவுவதற்காகப் பிரித்துவிட்டு மீண்டும் பொருத்தும்போது கால் சுற்று தவறி மாட்டிவிடுவது சுலபம். அப்படி மாட்டினால் இரண்டாவது ஜாயிண்ட் குற்றத்தைச் சரிக்கட்டுவதற்குப் பதிலாக இரட்டிப்பாக்கும். தண்டைப் பிரிக்கும் முன் இரு பகுதியிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிடலாம்

வேலை செய்யும்போது கோணம் 15 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சுழலும் நிலையில் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. டிராக்டர் சமதரையில் நிற்கும்போது இரு ஜாயிண்ட்களுக்கும் இடையே உள்ள தண்டின் நீளத்தில் கால் பங்கு அளவுக்கு உயர வித்தியாசம் இருந்தால் கோணம் சுமார் 15 டிகிரி. பாதி அளவு வித்தியாசம் என்றால் 30 டிகிரி. 80 செ.மீ. நீளமுள்ள தண்டில் ஒரு முனை மற்றதைவிட 20 செ.மீ. மேலே இருக்கலாம், 40 செ.மீ. வந்தால் அதுவே எல்லை.

வரப்போரத்தில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமலே கலப்பையை உச்சிக்குத் தூக்கும் பழக்கம் டிரைவர்களிடம் பரவலாக உள்ளது. நேரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. மூன்று புள்ளி இணைப்பில் கலப்பை மேலே எழும்போது சாய்ந்தும் போவதால் இரு முனைக் கோணங்களும் வேறுபடுகின்றன. அதிர்வு நேராகக் கியர் பெட்டியைத் தாக்குகிறது. கத்தி தரையை விட்டு எழும் அளவுக்குத் தூக்கினால் திரும்புவதற்குப் போதும். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் பி.டி.ஓ.வை நிறுத்திவிட வேண்டும். உழும் ஆழத்தில் கலப்பை இருக்கும்போது கியர் பெட்டியின் தண்டும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டும் இணையாக இருக்கும்படி டாப் லிங்கைத் திருகி அமைத்துக்கொள்ள வேண்டும்.

நீளம்

ஒரு டிராக்டருக்குப் பொருந்திய தண்டு இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. கலப்பையை வண்டி மாற்றி மாட்டும்போதெல்லாம் இதைச் சோதிக்க வேண்டும். தண்டு அதிக நீளமாக இருந்தால், தூக்கி இறக்கும்போது உட்குழாய் முட்டி, டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையும் கலப்பையின் கியர் பெட்டியையும் நெட்டித் தள்ளும். ஆயில் சீல் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீளம் குறைவாக இருந்தால் மேட்டில் ஏறும்போது இரு பகுதியும் கழன்று, சுழன்றுகொண்டே ஒரு பகுதி வெளியில் அடிக்கும்.

தண்டை இரண்டாகப் பிரித்து ஒன்றை டிராக்டரிலும் மற்றதைக் கலப்பையிலும் மாட்டி, என்ஜினை நிறுத்திய நிலையில், கலப்பை டிராக்டருக்கு மிக நெருங்கி வரும் நிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிலையிலும் முட்டாமல் 3 செ.மீ. அளவு இடைவெளி இருக்க வேண்டும். மிக விலகிய நிலையில் குழாய்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்ட நேர்ந்தால் இரு பகுதியிலும், மேல்மூடிகளிலும் ஒரே அளவு வெட்டி, வெட்டு வாயை அரத்தால் ராவிப் பிசிறு நீக்கிய பிறகே கிரீஸ் தடவி மாட்ட வேண்டும்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

8 மணி நேர வேலையில் இந்தத் தண்டு இரண்டரை லட்சம் தடவைக்கு மேல் சுற்றுகிறது. எனவே 8 மணி நேரத்துக்கு ஒருமுறை இரு கிராஸ்களுக்கும் லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும். சேற்றுழவில் தண்டின்மேல் சேறும் தண்ணீரும் தெறிப்பதால், அன்றன்று வேலை முடிந்து கழுவிய உடனேயே வைப்பது உத்தமம். காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே புகுந்த நீர் இரவு முழுவதும் ஊசிகளைத் துருப்பிடிக்க வைக்கும்.

நிப்பிளைத் துணியால் துடைத்த பின் கிரீஸ் கன்னைப் பொருத்தி, நான்கு கிண்ணங்களின் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை மெதுவாக அழுத்த வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்தக் கால் வறண்டிருக்கிறது. முதலில் தேய்வது அதுதான். குழாய்களின் நழுவு பகுதிக்கும் கிரீஸ் தேவை. என்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது வீண் வேலை.

கிண்ணத்தின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் பொடி தென்பட்டால் உள்ளே உலர்ந்து அரைபடுகிறது என்று பொருள். டிராக்டரை நிறுத்தி, ஒரு கவையைப் பிடித்துக்கொண்டு மற்றதை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஆட்டம் தெரிந்தால் கிராஸை மாற்றிவிட வேண்டியதுதான். கழற்றிப் பார்த்தால் கால்களில் ஊசிகள் பதிந்த வரிவரியான பள்ளம் தெரியும். இந்த நிலைக்குப் பிறகு எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பயன் இல்லை.

புது கிராஸ் மாட்டும்போது ஒரு ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் படுத்துவிட்டால் கிண்ணம் முழுவதும் இறங்காது. சர்க்லிப்பும் அதன் காடியில் உட்காராது. அப்போது சுத்தியலால் அடித்து இறக்க முயலாமல் மீண்டும் கழற்றி ஊசிகளை நிமிர்த்துவதே முறை.

ஷியர் போல்ட் உள்ள தண்டுகளில், கல்லிலோ வேரிலோ கத்தி சிக்கும்போது அந்த போல்ட் அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றும். அறுகிறதே என்று கெட்டியான போல்ட்டையோ ஆணியையோ போட்டால் அடுத்து உடைவது கியர் பெட்டி. கிளட்ச் தட்டு வகையானால் மழைக்காலம் முழுவதும் சும்மா நின்ற பின் தட்டுகள் துருவால் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங்குகளின் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, தளர்த்தி ஒருமுறை நழுவவிட்டு, பழைய அளவுக்கே முறுக்க வேண்டும்.

மூடி இல்லாத தண்டு உயிருக்கு ஆபத்து

மூடி இடைஞ்சல் என்று கழற்றிக் கொட்டகை மூலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. இது மிகத் தவறு. 5 செ.மீ. விட்டமுள்ள தண்டு 540 சுற்றில் வினாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். தோளில் கிடக்கும் துண்டோ, புடவைத் தலைப்போ, வேட்டி நுனியோ சிக்கினால் கையை உதறுவதற்குக்கூட நேரம் இருக்காது. டிரைவர் இருக்கையிலிருந்து எட்டி நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கதிரடிக்கும் இயந்திரம், மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரம் ஆகியவற்றை பி.டி.ஓ.வில் ஓட்டும்போது பல பேர் சுற்றி நிற்பதால் ஆபத்து இன்னும் அதிகம்.

மூடி சுழலாமல் இருப்பதற்காக அதில் ஒரு சிறு சங்கிலி இருக்கும். அதை அசையாத பாகத்தில் மாட்ட வேண்டும். என்ஜின் நிற்கும்போது மூடியைக் கையால் திருப்பினால் தண்டு அசையாமல் மூடி மட்டும் சுற்ற வேண்டும். இறுகிப் போன மூடி தண்டோடு சேர்ந்தே சுற்றும். அது இருந்தும் இல்லாததற்குச் சமம். ஓடும் தண்டைத் தாண்டுவதோ, அதற்குக் குறுக்கே கை நீட்டுவதோ கூடவே கூடாது. கத்தியில் சுற்றிய கோரையை எடுப்பதற்கும் என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே இறங்க வேண்டும்.

வாடகைக்கு வண்டி பேசும் விவசாயி, வயலில் இறக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிட்டு மூடியையும் கிராஸின் ஆட்டத்தையும் பார்க்கலாம். பல் தண்டில் மாட்டும் பின் 'டக்' என்று விழுந்திருக்கிறதா என்று தண்டை இழுத்துப் பார்ப்பதும் அவசியம். மூடி இல்லை என்றால் வேறு வண்டி கேட்பதில் தவறில்லை. வண்டி வைத்திருப்பவர்கள் பருவம் தொடங்கும் முன் ஒரு கிராஸ், சர்க்லிப்புகள், நான்கைந்து ஷியர் போல்ட் ஆகியவற்றை டூல் பெட்டியில் போட்டு வைப்பது நல்லது. கிராஸ் பல அளவுகளில் வருவதால், கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போய், கிண்ணத்தின் விட்டத்தையும் எதிரெதிர் கிண்ணங்களின் முனைக்கு முனை நீளத்தையும் ஒத்துப் பார்த்து வாங்க வேண்டும்.