ராகி மணிக்குள் ஓர் அம்புமுனை
மலைத் தானியங்களின் அறிவியல் - 9

வத்தல்மலையில் பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு என எந்த ஊரை எடுத்தாலும் சாமையும் ராகியும் இல்லாமல் அதன் உழவைப் பற்றிப் பேச முடியாது. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள இந்த மலையில் காப்பியும் மிளகும் பின்னால் வந்தவை. மலையாளிப் பழங்குடி மக்களின் சாப்பாடு தலைமுறை தலைமுறையாகச் சிறுதானியத்தை நம்பியே நடந்தது. அதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. நன்றாகக் காயவைத்த ராகியில் மற்ற தானியங்களைப் போல் சீக்கிரம் வண்டு விழாது. ஆண்டுக்கணக்கில் வைத்து எடுக்கலாம். மணி சிறியது, தோல் கெட்டி, தோலில் துவர்ப்புப் பொருள்கள் நிறைய என்று இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் எல்லாம் சரியானவையே. அவற்றோடு, மணிக்குள் இருக்கும் ஒரு சிறு புரதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாவைத் தின்னும் பூச்சியின் செரிமான நொதியை அது பிடித்து நிறுத்திவிடுகிறது. எப்படி நிறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் புரதம் எந்த அமினோ அமிலங்களால் ஆனது என்று பார்த்தால் போதாது, அதன் வடிவத்தைப் பார்த்தாலும் போதாது. எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் வைக்கும் வாதம்.

இந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து அதன் இயல்பை 1981-இல் விவரித்தவர்கள் மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சிவராஜும் பட்டாபிராமனும். அவர்கள் கண்டது விசித்திரமான ஒன்று: ஒரே புரதம், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியையும் தடுக்கிறது, புரதத்தை உடைக்கும் டிரிப்சின் நொதியையும் தடுக்கிறது. ஒன்றைப் பிடித்திருக்கும்போதே மற்றொன்றையும் பிடிக்க அதனால் முடிகிறது. 1983-இல் அதன் முழு வரிசை வெளிவந்தது. மொத்தம் 122 அமினோ அமிலங்கள். அந்த வரிசையை எத்தனை முறை படித்தாலும் அமைலேஸைப் பிடிக்கும் இடம் எது என்று அதிலிருந்து தெரியாது. வரிசை சொல்வது யாருக்குப் பக்கத்தில் யார் கோக்கப்பட்டிருக்கிறார் என்பதை மட்டுமே. மடங்கிய புரதத்தில் பக்கத்து வீடு வேறு.

அந்தப் பக்கத்து வீட்டைக் காட்டியது 1998-இல் வெளிவந்த ஒரு படிக அமைப்பு. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஸ்ட்ரோபல், ராபர்ட் ஹூபர் முதலியோர், ராகிப் புரதத்தை மஞ்சள் மாவுப்புழுவின் அமைலேஸோடு சேர்த்தே படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு 2.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் பார்த்தார்கள். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) நொதியில் மாவுச்சத்து வந்து உட்காரும் பள்ளத்துக்குள் ராகிப் புரதத்தின் இரு துண்டுகள் அம்புமுனைபோல் நுழைந்திருந்தன. ஒன்று, வரிசையின் தொடக்கம்: 1-ஆம் செரின் முதல் 11-ஆம் அலனின் வரை. மற்றொன்று, 52-ஆம் புரோலின் முதல் 55-ஆம் சிஸ்டீன் வரை. வரிசையில் இவ்விரண்டுக்கும் நடுவே நாற்பது அமினோ அமிலங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒரே முனையில் சேர்ந்து நிற்கின்றன. 6-ஆம் சிஸ்டீனும் 55-ஆம் சிஸ்டீனும் கந்தகப் பிணைப்பால் கட்டுண்டிருப்பதுதான் காரணம். புரதத்தில் இத்தகைய பிணைப்புகள் மொத்தம் ஐந்து. டிரிப்சினைப் பிடிக்கும் இடமோ 34-ஆம் ஆர்ஜினினும் 35-ஆம் லியூசினும் சேரும் வளைவு. அது புரதத்தின் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நொதிகளையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடிவதற்கு விளக்கம் இங்கே கிடைத்துவிடுகிறது. 35-ஐவிட 55 தான் வரிசையில் 6-க்குத் தொலைவு. தொடுகைக் கணக்கில் அது தலைகீழ்.

இப்படிக் கணக்கெடுக்கும் முறைக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் கேட்ட கேள்வி, இரண்டு அணுக்கள் எவ்வளவுக்கு மேல் நெருங்க முடியாது என்பது. அதற்கான பதிலிலிருந்தே புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவே முடியாது என்ற வரைபடம் பிறந்தது. 1970-களின் கடைசியில் திருச்சியில் மணவாளனும் பொன்னுசாமியும் கேள்வியை மறுபக்கமாகக் கேட்டார்கள்: ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் சுற்றி 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள்? நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களைச் சுற்றி எப்படிப்பட்ட சூழல் அமைகிறது என்பதை இவர்கள் அப்படி எண்ணிக் காட்டினார்கள். 2001-இல் மைக்கேல் குரோமிகாவும் செல்வராஜும் இதே 8 ஆங்ஸ்ட்ராம் அளவை வைத்துக்கொண்டு, வரிசையில் பன்னிரண்டுக்கும் மேல் தள்ளியிருந்தும் இடத்தால் நெருங்கியிருக்கும் இணைகளை மட்டும் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கைக்கும், ஒரு சிறு புரதம் எவ்வளவு வேகமாக மடிகிறது என்பதற்கும் தெளிவான உறவு இருந்தது. ராகிப் புரதத்தின் 6-55 இணை இந்தத் தொலைதூர வகையைச் சேர்ந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 8 ஆங்ஸ்ட்ராம் என்பதை யார் தீர்மானித்தது? 7 என்று வைத்தால் சில இணைகள் விடுபடும். 10 என்றால் தொடாதவையும் பட்டியலில் ஏறும். அமினோ அமிலத்தின் நடு கார்பனிலிருந்து அளப்பதா, பக்கக் கிளையின் அணுக்களிலிருந்து அளப்பதா என்பதைப் பொறுத்தும் பட்டியல் மாறும். மறுப்பு நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மடிப்பின் பொதுவான ஒழுங்கைத் தேடுகிறவருக்குக் கார்பன் அளவு போதும். நொதியை எது பிடிக்கிறது என்று தேடுகிறவர் அணுவுக்கு அணு அளந்து, 4 ஆங்ஸ்ட்ராம் பக்கம் வந்து, ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறதா என்று தனியே பார்த்தாக வேண்டும். எல்லையைக் கொஞ்சம் நகர்த்தியதும் ஒரு முடிவு கரைந்துவிடுமானால் அது புரதத்தைப் பற்றிய முடிவல்ல, எல்லையைப் பற்றியது. ராகியின் அம்புமுனை அப்படிக் கரையாது. அதன் முதலாம் செரின், அமைலேஸின் வேலை நடக்கும் இடத்திலுள்ள அமிலத் தன்மை கொண்ட அமினோ அமிலங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. எந்த அளவுகோலிலும் அது தொடுகைதான்.

இரண்டாவது மறுப்பு இந்தக் காலத்துடையது. ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி முறை வந்தபின் வரிசையைக் கொடுத்தால் வடிவம் கிடைக்கிறது. அதை உருவாக்கிய ஹசாபிஸும் ஜம்ப்பரும், புதிய புரதங்களை வடிவமைத்த பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுவிட்டார்கள். இன்னும் எதற்குத் தொடுகைகளை எண்ண வேண்டும்? அந்த முறையின் வேரே தொடுகைதான் என்பதை முதலில் நினைவில் கொள்வோம். பல உயிர்களில் உள்ள ஒரே குடும்பப் புரதங்களை வரிசையாக அடுக்கினால், தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு இடங்கள் ஒன்றையொன்று அனுசரித்து மாறிவந்திருப்பது தெரியும். அந்தத் தடயத்திலிருந்துதான் வடிவத்தை ஊகிக்கும் வழி திறந்தது. இதைவிட முக்கியமானது, ராகிப் புரதம் தரும் பாடம். அதன் தொடக்கமுனை தனியாக இருக்கும்போது ஒரு நிலையில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. அமைலேஸின் பள்ளத்துக்குள் போனபிறகுதான் அது சுருள் வடிவம் கொள்கிறது. ஆக, வேலை செய்யும் பகுதியின் வடிவமே தொடுகையின் விளைவு. புரதத்தை மட்டும் தனியே வைத்து வடிவம் கேட்டால், மிகவும் வேண்டிய இடத்தில்தான் பதில் மங்கலாக வரும்.

நெருக்கம் வேறு, காரணம் வேறு என்பது மூன்றாவது மறுப்பு. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், ஏனென்றால் இதற்குப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது, சோதனைதான் பதில் சொல்ல வேண்டும். தில்லி எய்ம்ஸில் டி.பி. சிங் குழுவினர் 2000-இல் ராகிப் புரதத்தின் தனி அமைப்பை 2.2 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு அதைத் துண்டாக்கியே பார்த்தார்கள். 10-ஆம் இடத்தில் மெத்தியோனின் இருக்கிறது. சயனோஜன் புரோமைடு மெத்தியோனினுக்குப் பின்னால் வெட்டும். வெட்டியதும் முதல் பத்து அமினோ அமிலங்கள் தனித் துண்டாக வந்தன, அந்தத் துண்டு தனியாகவே அமைலேஸைத் தடுத்தது. 122-இல் வெறும் பத்து! படிகம் சுட்டிய தொடுகை வேலையிலும் உண்மை என்று அங்கே உறுதியானது. அப்படியானால் மீதி 112 எதற்கு என்று உடனே கேட்கத் தோன்றும். துண்டு தடுத்த விதம் எளிமையானது. மாவுச்சத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டது, அவ்வளவே. முழுப் புரதம் அப்படி நடக்கவில்லை. ஏழு குளுக்கோஸும் அதற்கு மேலும் உள்ள நீண்ட சங்கிலிகளைக் கொடுத்தபோது அதன் தடுப்பு சிக்கலாக இருந்தது. எவ்வளவு கூட்டினாலும் அமைலேஸ் முழுதாக நிற்கவில்லை. முனையைத் தாண்டிய தொடுகைகளும் ஏதோ செய்கின்றன என்றே இதைப் படிக்கிறேன்.

இதைக் கேட்டதும் ராகி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது, அதற்கு இந்தப் புரதமே காரணம் என்று சொல்லிவிட ஆசை வரும். சொல்லக் கூடாது. மேலே சொன்ன சான்றுகள் சோதனைக் குழாயிலும் படிகத்திலும் கிடைத்தவை. களியாகக் கிண்டி வயிற்றுக்குள் போன ராகியைப் பற்றியவை அல்ல. முளைகட்டினாலே இந்தத் தடுப்பான்கள் குறைந்துவிடும். உணவின் பலனை உணவை வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

தொடுகைக் கணக்கு உடனே உதவக்கூடிய இடம் வேறு. கோ 15, பையூர் 2 போன்ற வெளியீட்டு ரகங்களையும் மலைகளில் விதைக்கும் நாட்டு ரகங்களையும் எடுத்து இந்த ஒரு புரதத்தின் மரபணுவை ஒப்பிட்டால் ஆங்காங்கே எழுத்து மாறியிருக்கக் கூடும். எத்தனை மாற்றம் என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. முதல் ஐந்து இடங்களில் ஒன்று மாறினால் அமைலேஸ் தடுப்பு குறைய வேண்டும். 34, 35-இல் மாறினால் டிரிப்சின் தடுப்பு மட்டும் குறைய வேண்டும். 55-ஆம் சிஸ்டீன் போனால், வரிசையில் அவ்வளவு தள்ளியிருந்தும், அம்புமுனை கலைய வேண்டும். மூன்றையும் மாவுப்புழுவின் நொதியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.