வேடந்தாங்கலில் ஒரு பறவைகூட இல்லையே!

"ஒரே நாளில் ஐந்து அதிசயங்கள்! திருக்கழுக்குன்றத்தில் கழுகு தரிசனம்! வேடந்தாங்கலில் ஆயிரக்கணக்கான பறவைகள்! மாமல்லபுரத்தில் சிற்பங்கள்! கடலைப் பார்த்த அறையில் இளைப்பாறல்! குளிர்சாதன பஸ், அறுசுவை உணவு! ஆளுக்கு 1,800 ரூபாய்தான்!"

இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம், குழந்தைகளுக்கு விடுமுறை. மாமனார் வெகு நாளாகக் கழுகு தரிசனம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வைத்திருந்த பணத்தை எடுத்து, ஐந்து பேருக்கு 9,000 ரூபாய் கட்டிவிடுகிறீர்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வரவேண்டிய பஸ் எட்டு மணிக்கு வருகிறது. குளிர்சாதனம் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. திருக்கழுக்குன்றத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை மூச்சிரைக்க ஏறி முடித்தால், "கழுகா? அது வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்றே!" என்று சிரிக்கிறார் மலை மேல் இருப்பவர். வேடந்தாங்கலிலோ ஏரி வற்றிக் கிடக்கிறது. "இப்போது வந்தால் எப்படி அம்மா? நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன்" என்கிறார் அந்த ஊர்க்காரர் ஒருவர். மாமல்லபுரம் போய்ச் சேரும்போது ஐந்து ரதங்களின் வாயிற்கதவைச் சாத்திவிட்டார்கள். கடலைப் பார்த்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து ஓட்டலின் சுவர்! அறுசுவை உணவு என்பது ஆறிப்போன புளியோதரைப் பொட்டலம்.

வீடு திரும்பியதும் மாமியார் ஒரே வார்த்தை சொல்கிறார்: "தலையெழுத்து!"

சகோதரிகளே! இது நான் கற்பனை செய்த குடும்பந்தான். ஆனால் இதில் ஏதேனும் ஒன்றாவது நம்மில் பலருக்கு நேர்ந்திருக்கும். நேர்ந்தபோது நாமும் "தலையெழுத்து" என்றுதான் சொல்லியிருப்போம். அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ல் ஒரு புதுச் சட்டம் இயற்றினார்கள். அது 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. கடையில் வாங்கும் புடவைக்கும் பிரஷர் குக்கருக்கும் மட்டுமல்ல, பணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் சேவைக்கும் அந்தச் சட்டம் உண்டு. உல்லாசப் பிரயாணம் ஏற்பாடு செய்து தருவதும் ஒரு சேவைதான்.

இல்லாததை இருப்பதாகச் சொல்லி விளம்பரம் செய்வது முறையற்ற வணிகம். ஒப்புக்கொண்டபடி செய்து தராமல் இருப்பது சேவைக் குறைபாடு. தெரிந்திருந்தும் முக்கியமான விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அதே குறைபாட்டில் சேரும். வேடந்தாங்கல் பறவைகளுக்கு மே மாதத்தில் சீசன் இல்லை என்பது டூர்க்காரருக்குத் தெரியாதா, என்ன? பில் கொடுக்க மறுப்பதைக்கூடச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது.

"பணம் கட்டியது அவர்தானே, நான் எப்படிப் புகார் செய்வது?" என்று சிலர் கேட்கலாம். கணவர் பணம் கட்டி, அவர் சம்மதத்தோடு நீங்கள் அந்தச் சேவையைப் பெற்றிருந்தால், நீங்களும் நுகர்வோர்தான். உங்கள் பெயரிலேயே புகார் கொடுக்கலாம்.

எங்கே போவது?

முதலில் டூர்க்காரருக்கே கடிதம் எழுதுங்கள். என்ன சொன்னார், என்ன செய்தார், எவ்வளவு பணம் திரும்ப வேண்டும் என்று சுருக்கமாக எழுதி, பதில் சொல்ல ஒரு கெடுவும் வையுங்கள். கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு கடிதத்திலேயே காரியம் முடிந்துவிடுவதும் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தும் முறையிடலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செங்கற்பட்டிலும் ஒன்று உண்டு. "அடடா, மயிலாப்பூரிலிருந்து செங்கற்பட்டுக்கு அலைய வேண்டுமா?" என்று கவலைப்படாதீர்கள். புதுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரில் உள்ள ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இணையத்தில் ‘இ-ஜாக்ரிதி’ என்ற அரசுத் தளத்தின் மூலமும் கொடுக்கலாம்.

நீங்கள் கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை, நீங்களே பேசலாம். ஆனால் சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் தீர்ப்பு சொல்ல முயலவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதிக நாள் ஆவதும் உண்டு. பொறுமையும் வேண்டும்.

அதே பஸ்ஸில் வந்த மற்றவர்களின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு ஒன்றாகச் சேர்ந்தும் புகார் கொடுக்கலாம்.

கிடைக்குமா?

கிடைத்திருக்கிறது, கேளுங்கள். ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் 2016 ஜூனில் குடும்பத்தோடு காஷ்மீர் புறப்பட்டார். ஜம்முவுக்குக் காலை எட்டு மணி சுமாருக்கு வரவேண்டிய ரயில் நான்கு மணி நேரம் தாமதம். ஸ்ரீநகர் விமானம் போய்விட்டது. டாக்ஸி பிடித்துப் போனார். தால் ஏரியில் படகுக்குக் கட்டிய பணமும் வீண். அவர் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. தாமதம் தன் கைமீறிய காரணத்தால் ஏற்பட்டது என்று ரயில்வே நிரூபிக்கவில்லை. ஆகவே நஷ்ட ஈடு கொடுக்கத்தான் வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. டாக்ஸிக்கு 15,000 ரூபாய், படகுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 5,000.

மன உளைச்சலுக்குக்கூடவா பணம் என்று ஆச்சரியப்படுகிறீர்களா? இங்கிலாந்தில் 1972-லேயே இதற்கு ஒரு தீர்ப்பு உண்டு. அங்கே ஒரு வக்கீல், கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க 15 நாள் ஸ்விட்ஸர்லாந்துக்குப் போனார். கலகலப்பான கூட்டம் இருக்கும், மாலையில் கேக் உண்டு, மலைநாட்டுப் பாட்டுக் கச்சேரி உண்டு என்றெல்லாம் விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தார்கள்; இரண்டாம் வாரம் இவர் ஒருவரே! ஓட்டல்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. கேக்குக்குப் பதில் உருளைக்கிழங்கு வறுவல். கச்சேரி என்பது, வேலை உடுப்போடு வந்த ஒரு உள்ளூர்க்காரர் அவசர அவசரமாக நாலைந்து பாட்டுப் பாடிவிட்டுப் போனதுதான்! அவர் கட்டிய பணம் சுமார் 63 பவுன். அப்பீல் கோர்ட்டோ 125 பவுன் கொடுக்கச் சொல்லிற்று. சந்தோஷத்தை விற்கிறேன் என்று பணம் வாங்கியவன், சந்தோஷம் கெட்டதற்கும் பொறுப்பு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று புயல் அடித்தது, கடல் கொந்தளித்தது என்றால் டூர்க்காரர் என்ன செய்வார்? அதற்கு அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. சாப்பாட்டில் உப்பு ஒரு கல் குறைந்தது என்று கோர்ட்டுக்குப் போவதும் அழகல்ல.

புறப்படும் முன்

விளம்பரத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் முதல் சாட்சி. என்ன பஸ், எந்த ஓட்டல், எத்தனை மணிக்கு எந்த இடம், நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறையின் ஒரே டிக்கெட் போதும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட்டே இல்லை. இரண்டு தடவை பணம் கேட்டால், "எதற்கு?" என்று கேளுங்கள். பணத்தைக் கட்டியதும் ரசீது வாங்குங்கள். குறை தெரிந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜன்னலையும் சுவரையும் மறக்க வேண்டாம்!

எழுத்தில் வாங்கிக்கொள்வது ஒன்றும் புது நாகரிகமல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் கிராமத்தார் "தலையெழுத்து" என்று சும்மா இருந்துவிடவில்லை. கலெக்டரிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமையை 1798-ல் எழுத்து மூலமே பெற்றுக்கொண்டார்கள். அன்று அவர்கள் அப்படிக் கேட்டு வாங்கியதால்தான் இன்றும் நாம் நவம்பரில் போனால் பறவைகளைப் பார்க்க முடிகிறது.

ஆமாம், நவம்பரில் போங்கள். மாமனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ரசீதை மட்டும் மறந்துவிடாதீர்கள்!