திருநெல்வேலிப் பாலம்

ஆற்றில் வெள்ளம் வந்தால் அக்கரைச் சந்தைக்குப் போகும் வண்டிகள் நின்றுவிடும் என்பதை ராயக்கோட்டை வட்டாரத்தார் நன்கு அறிவர். திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் வசித்தோர் ஒரு காலத்தில் தாமிரபரணியைப் படகிலேயே கடந்து வந்தனர். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் இக்கஷ்டத்தை நீக்கக் கருதி, ஏறக்குறைய 50,000 ரூபாயைத் தம் சொந்தப் பொருளிலிருந்து செலவிட்டார். 11 வளைவுகளையுடைய பாலம் 1843-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது.

வளைவானது மேலே செல்லும் பாரத்தை இரு பக்கத்துத் தூண்களுக்கும் பகிர்ந்து கொடுக்கின்றது. வளைவின் கீழுள்ள கண் வழியே வெள்ளம் தடையின்றிச் செல்லும். கண் அடைபட்டாலோ நீர் தேங்கித் தூண்களை மோதும், அடிமணலையும் அரிக்கும். 1869-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் இப்பாலம் சேதமுற்றுப் பின்னர் செப்பனிடப்பட்டது. போக்குவரத்துப் பெருகவே பிற்காலத்தில் அகலப்படுத்தவும் பெற்றது. இன்றும் அதன்மேல் வண்டிகள் செல்லுகின்றன.

கட்டும் செலவை ஒருவர் ஏற்றார். காக்கும் வேலையோ ஆண்டுதோறும் உரியது. கிராமத்து ஓடைப் பாலங்களுக்கும் இது பொருந்தும். மழைக்கு முன் கண்களிலுள்ள முட்செடிகளை அகற்றுவதும், காரையில் முளைத்த அரசங்கன்றை வேரோடு களைவதும், சங்க அங்கத்தினர்கள் கூடினால் ஒரே நாளில் முடியும். இவற்றிற்குத் தனவந்தர் ஒருவரை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.